லென்ஸ் கண்டுபிடித்த வார்த்தை

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் தேர்வில் மேசைக்கு அடியில் கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தவன் நான். கட்டைவிரல் இயக்கம், சுட்டுவிரல் காந்தப்புலம், நடுவிரல் மின்னோட்டம். வலக்கையா இடக்கையா என்று குழம்பி, அம்புக்குறியைத் தலைகீழாகப் போட்டு மார்க்கை விட்டேன். அந்த அம்புக்குறிக்குப் பின்னாடி ஒரு கதை இருக்குன்னு அப்போ எனக்குத் தெரியாது. இன்னைக்கு அதைத்தான் பேசப்போறோம்.

1831. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே ஒரு கம்பிச்சுருளுக்குள் காந்தத்தை நுழைக்கிறார். கால்வனோமீட்டர் முள் ஒரு பக்கம் துள்ளுகிறது. வெளியே இழுத்தால் எதிர்ப்பக்கம். சும்மா வைத்திருந்தால் முள் அசையவே இல்லை. சரி, எப்போது எந்தப் பக்கம்? ஃபாரடே படம் போட்டு விளக்கினார். ஆனால் அவரே ஒப்புக்கொள்கிறார்: விஷயம் எளிமையானது, வார்த்தையில் சொல்வதுதான் கஷ்டம்.

அந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவர் ஹைன்ரிக் லென்ஸ். இன்றைய எஸ்டோனியாவின் டார்ட்டு நகரில் 1804இல் பிறந்தவர். 19 வயதில் கோட்செபூவின் ரஷ்யக் கப்பலில் உலகைச் சுற்றக் கிளம்பி, போன இடமெல்லாம் கடல்நீரின் வெப்பத்தையும் உப்பையும் அளந்தவர். பொறுமையா அளக்கிற ஆள்.

1833 நவம்பரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் அகாடமியில் தன் விதியை முன்வைத்தார். மின்னோட்டம் பாயும் கம்பியைக் காந்தம் எந்தப் பக்கம் தள்ளும் என்பது அதற்கு முன்பே தெரிந்த கதை. லென்ஸ் அதைத் திருப்பிப் போட்டார். கம்பியை நீங்கள் ஒரு பக்கம் நகர்த்துங்கள். அதை எதிர்ப்பக்கம் தள்ளக்கூடிய மின்னோட்டம் எதுவோ, அதுதான் கம்பியில் தூண்டப்படும். அவ்வளவுதான். வடமுனையைச் சுருளுக்குள் தள்ளினால் சுருளின் அந்த முகமும் வடமுனையாகி ‘வராதே’ என்கிறது. வெளியே இழுத்தால் தென்முனையாகி ‘போகாதே’ என்கிறது.

இதுல என்ன பெரிசுன்னு கேட்கலாம். ஒருவேளை மின்னோட்டம் எதிர்க்காமல் உதவி செய்தால்? லேசாக ஒரு தள்ளு தள்ளினால் போதும். காந்தம் தானே வேகமெடுக்கும், மின்சாரமும் கூடிக்கொண்டே போகும், செலவே இல்லாமல். அது நடக்காது. ஆற்றல் சும்மா வராது என்பதை ஹெல்ம்ஹோல்ட்ஸ் விதியாக எழுதியது 1847இல், அதாவது 14 வருஷம் கழித்து. காரணம் எழுதப்படும் முன்பே லென்ஸ் விடையை எழுதிவிட்டார்.

பழைய சைக்கிளில் டைனமோவைத் தட்டிவிட்டதும் பெடல் கனக்குமே, ஞாபகம் இருக்கா? டயரோடு உரசுவது அதில் ஒரு பங்கு. இன்னொரு பங்கு, லென்ஸ் சொன்ன எதிர்ப்பு. விளக்கு எரிய நம்ம கால் கொடுக்கிற விலை அது. பரீட்சையில் நான் தலைகீழாகப் போட்ட அம்புக்குறி, அந்த விலையைக் கொடுக்காமலே விளக்கை எரியவிடப் பார்த்தது. மார்க் போனது நியாயம்தான்.