காஸ்கடூரா: ஓட்டிலிருந்து பிறந்த பெயர்

கெளுத்திக்குச் செதில் கிடையாது என்பது மீன் வாங்கிப் பழகிய எவருக்கும் தெரியும். டிரினிடாட் தீவின் காஸ்கடூராவும் கெளுத்தி இனம்தான், செதில் இல்லை. ஆனால் விலாவின் இருபுறமும் மேலொரு வரிசை, கீழொரு வரிசையாக எலும்புத் தகடுகள் அடுக்கடுக்காகப் படிந்து உடம்பையே மூடியிருக்கின்றன. பெயர் வந்தது அந்தத் தகடுகளிலிருந்து.

ஸ்பானிய மொழியில் 'காஸ்கார்' என்றால் உடைத்தல். உடைத்து நீக்க வேண்டிய ஓடு 'காஸ்கரா'. 'டூரா' என்றால் கடினமானது. ஆக, காஸ்கடூரா என்பது வன்னோடு. 1797-இல் ஆங்கிலேயர் கைப்பற்றும் வரை தீவு ஸ்பெயினின் வசம் இருந்தது. ஆட்சி போயிற்று, மீனின் பெயர் தங்கிவிட்டது. பேச்சில் தேய்ந்து 'காஸ்கடூ' என்றும் ஆயிற்று. இதே மீன் சூரினாமில் 'க்விக்வி', பிரேசிலில் 'தமுவதா'.

அறிவியல் பெயர் இருவர் கைப்பட்டு உருவானது. 1828-இல் தென் அமெரிக்காவின் டெமராராப் பகுதி மீன்களைப் பற்றி எழுதிய ஜான் ஹான்காக், 'கரையோரத்தது' என்னும் பொருளில் 'லிட்டோராலிஸ்' என்றார். 1858-இல் தியோடர் கில் 'கவச மார்பு' என்று பொருள்படும் 'ஹோப்லோஸ்டெர்னம்' என்ற பேரினத்தை வகுத்தார். இன்று அது ஹோப்லோஸ்டெர்னம் லிட்டோராலே.

கரையோரம் என்றது பொருத்தமே. ஆற்றின் வேகமான நடுநீரைவிட ஓரத்துச் சதுப்பும் வாய்க்காலும் நெல்வயலுமே இதற்கு வீடு. தேங்கிய நீரில் பிராணவாயு குறைந்தால், மேலே வந்து காற்றை விழுங்கிக் குடல் வழியே சுவாசிக்கும். மழைக்காலத்தில் ஆண்மீன் நுரையோடு புல்லையும் இலையையும் சேர்த்து மிதக்கும் கூடு கட்டி, முட்டைகளுக்குக் காவல் நிற்கும்.

1845 முதல் 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் இத்தீவின் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். கல்கத்தாவிலிருந்து சென்றவர்களே அதிகம். மதராசிலிருந்தும் கப்பல்கள் போயின. அவர்கள் கைப்பக்குவத்தில் காஸ்கடூரா மசாலாக் குழம்பானது. தகட்டோடுதான் வேகவைப்பார்கள். தட்டுக்கு வந்தபின் விரலால் தகடுகளைப் பிரித்துப் போட்டுவிட்டுச் சதையை எடுக்க வேண்டும். 'காஸ்கார்' என்ற வினைச்சொல் இன்றும் சாப்பாட்டுத் தட்டில் நிகழ்கிறது.

காஸ்கடூரா தின்றவர் எங்கே போனாலும் கடைசிக் காலத்துக்கு டிரினிடாடுக்கே திரும்புவார் என்பது அங்குள்ளோர் நம்பிக்கை. ஓட்டைக் குறித்த சொல் அப்படித்தான் ஊர்ப்பற்றையும் குறிக்கலாயிற்று. தந்தை வழியில் மதராஸ் வேர் கொண்ட நாவலாசிரியர் சாமுவேல் செல்வன், 1972-இல் வெளிவந்த தம் நாவலுக்குக் 'காஸ்கடூரா தின்றவர்கள்' என்றே பொருள்படத் தலைப்பிட்டார். லண்டனிலும் கனடாவிலும் வாழ்ந்த அவர், 1994-இல் டிரினிடாடுக்கு வந்திருந்தபோது அந்த மண்ணிலேயே காலமானார்.

தமிழில் இதைக் 'கவசக் கெளுத்தி' என்று எழுதினால் மீனின் உடம்பு மட்டுமே விளங்கும். அதைப் பிடித்து, சமைத்து, நம்பி வாழ்ந்த மக்கள் விடுபட்டுப் போவார்கள். காஸ்கடூரா என்றே எழுதுவோம்.