பினாங்கின் 'ஹை சப்பரால்' பிறந்த கதை

பினாங்குத் தீவின் குளுகோர் பகுதியில், குன்றை ஒட்டி ஒரு தமிழர் கம்பம் இருந்தது. பதிவேட்டில் அதன் பெயர் கம்போங் புவா பாலா. ஊரார் வாயில் அது 'தமிழர் ஹை சப்பரால்'. பால்மாடும் ஆடும் மேய்ந்த ஆறரை ஏக்கர் நிலத்துக்கு ஒரு கௌபாய் தொடரின் பெயர் வந்து சேர்ந்தது எப்படி? அந்தக் கதையைச் சொல்ல வேண்டுமானால் சாதிக்காயிலிருந்து தொடங்க வேண்டும். 'புவா பாலா' என்றால் சாதிக்காய்தான்.

1786இல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் கொடி ஏற்றியபோது, சாதிக்காயும் கிராம்பும் டச்சுக்காரர்களின் பிடியில் இருந்தன. மொலுக்கத் தீவுகளை விட்டு ஒரு கன்றுகூட வெளியே போகாதபடி அவர்கள் காவல் காத்தார்கள். 1796இல் அந்தத் தீவுகள் ஆங்கிலேயர் கைக்கு வந்ததும் கிழக்கிந்தியக் கம்பெனி தாவரவியலாளர் கிறிஸ்டோபர் ஸ்மித்தை அங்கே அனுப்பியது. அவர் திரட்டி அனுப்பிய கன்றுகள் கப்பல் கப்பலாகப் பினாங்கில் இறங்கின. மிளகு விலை சரிந்தபோது தோட்டக்காரர்கள் சாதிக்காய்ப் பக்கம் திரும்பினார்கள்.

சாதிக்காய் பொறுமையைக் கேட்கும் பயிர். காய்ப்புக்கு வர ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். ஆண் மரம் எது, பெண் மரம் எது என்பதே பூத்த பிறகுதான் தெரியும். பழம் வெடித்ததும் உள்ளே கறுத்த ஓட்டின்மேல் சிவப்பு வலைபோல ஒட்டியிருப்பது சாதிபத்திரி. அது கிழியாமல் விரலால் உரித்துத் தனியே காயவைக்க வேண்டும். கொட்டையைத் தணிந்த புகைச்சூட்டில் வாரக்கணக்கில் உலர்த்த வேண்டும். எடுத்துக் குலுக்கினால் ஓட்டுக்குள் பருப்பு கடகடவென்று ஆட வேண்டும்; அதுதான் பதம். இதற்கெல்லாம் கை வேண்டும். கடல் கடந்து வந்த தமிழ்க் கைகளும் அந்தத் தோட்டங்களில் உழைத்தன.

குளுகோர் தோட்டத்தின் முதலாளி டேவிட் பிரவுன், ஸ்காட்லாந்துக்காரர். லைட்டின் கூட்டாளி ஜேம்ஸ் ஸ்காட்டோடு சேர்ந்து வியாபாரம் செய்து, பின்னர் தீவின் மிகப் பெரிய நிலக்கிழார் ஆனார். கேப்டன் ராபர்ட் ஸ்மித் வரைந்து, வில்லியம் டேனியல் அச்சுக்குச் செதுக்கிய ஓவியம் ஒன்று குளுகோர் மாளிகையையும் அதன் வாசனைப் பயிர்த் தோட்டங்களையும் காட்டுகிறது. டத்தோ கிராமாட் சாலையில் உள்ள பாடாங் பிரவுன் திடல் இன்றும் அந்தக் குடும்பத்தின் பெயரைச் சுமந்து நிற்கிறது.

1860ஐ ஒட்டி வந்த நோயில் சாதிக்காய் மரங்கள் பட்டுப்போயின. முதலாளிகளுக்குத் தென்னை இருந்தது, பிறகு ரப்பர் இருந்தது, மாறிக்கொண்டார்கள். கூலிக்கு உழைத்தவர்கள் எங்கே போவார்கள்? தங்கிய இடத்திலேயே குடும்பம் பெருகியது, கொட்டகை எழுந்தது, கம்பம் உருவானது. கம்போங் புவா பாலா மக்கள் தங்கள் வேர் பிரவுன் தோட்டத்தில்தான் இருக்கிறது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள்.

சாதிக்காய் போன இடத்தில் மாடு வந்தது. மலாயாவின் நகரங்களுக்குப் பால் ஊற்றியவர்களில் தமிழர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அது ஓய்வில்லாத தொழில். விடியுமுன் கறவை முடிய வேண்டும். பாலைக் கேனிலும் போத்தலிலும் நிரப்பி, சைக்கிளில் வீடு வீடாகப் போட்டு வர வேண்டும். வெயில் ஏறுமுன் அரிவாளும் கோணியுமாகச் சாலையோரப் புல்லறுக்கப் போக வேண்டும். தவிடு, புண்ணாக்கு, தவ்ஃபூ பட்டறைச் சக்கை என்று நகரம் கழித்ததெல்லாம் மாட்டுக்குத் தீனியாகி, பாலாகி, மறுபடி நகரத்துக்கே போனது. நம்மவர்கள் மாட்டை வெறும் வருமானமாகப் பார்த்ததில்லை. மாட்டுப் பொங்கலன்று கழுவி, கொம்புக்குச் சாயம் பூசி, மாலை போட்டு, பொங்கல் ஊட்டிய பிறகுதான் மனிதருக்குச் சாப்பாடு. பினாங்கில் மாட்டுப் பொங்கலைப் பார்க்க வேண்டுமானால் இந்தக் கம்பத்துக்குத்தான் போக வேண்டும் என்று இருந்தது.

மலேசியாவில் தொலைக்காட்சி 1963 டிசம்பரில் தொடங்கியது. 'தி ஹை சப்பரால்' தொடரை அமெரிக்காவின் என்பிசி 1967 முதல் 1971 வரை ஒளிபரப்பியது. அரிசோனாவின் வறண்ட மண்ணில் ஜான் கேனன் குடும்பம் மாட்டுப் பண்ணை அமைத்து, துப்பாக்கி முனையில் அதைக் காத்து நிற்பதுதான் கதை. திரையில் பார்த்த அந்தப் பண்ணையின் பெயரைக் குளுகோரில் மாடு மேய்ந்த நிலத்துக்கு மக்கள் சூட்டிவிட்டார்கள். முன்னால் 'தமிழர்' என்று சேர்த்ததோடு அது நம்மூர்ப் பெயராகவே ஆகிவிட்டது. துப்பாக்கி மட்டும் இங்கே இல்லை.

அதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. அதைத்தான் நாம் கவனிக்கத் தவறினோம். அமெரிக்க மேற்கில் இன்றும் பள்ளத்தாக்கோடும் ஓடையோடும் பல்லாயிரம் ஏக்கர் பண்ணைகள் விலைக்கு வருகின்றன. சொந்த நிலம் எவ்வளவு, தண்ணீர் உரிமை எவ்வளவு, எந்த விலங்கை வேட்டையாட வாய்ப்பு உண்டு என்றெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கும். பக்கத்து அரசு நிலத்தில் மேய்க்கும் அனுமதிகூட, 1934ஆம் ஆண்டின் டெய்லர் மேய்ச்சல் சட்டத்தின் வழியில், பண்ணையின் சொந்த நிலத்தோடு பிணைந்தது. வழக்கமாக அது பத்து ஆண்டு அனுமதி. பண்ணை கைமாறினால், வாங்கியவர் விண்ணப்பித்து அதைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம்.

தோட்டத்து நிலம் பின்னாளில் அரசுக்குப் போனபின், நம் கம்பத்து மக்கள் கையில் இருந்தது தற்காலிகக் குடியிருப்பு உரிமம். தேசிய நிலச் சட்டத்தின்படி அந்த உரிமம் அந்த ஆண்டின் முடிவைத் தாண்டிச் செல்லாது. பிறருக்கு மாற்ற முடியாது. உரிமதாரர் இறந்தால் அதுவும் முடிந்துபோகும். எத்தனை தலைமுறை வாழ்ந்தாலும் அரசு நிலத்தில் அனுபவத்தால் உரிமை பிறக்காது என்றும் அதே சட்டம் சொல்கிறது. பாட்டன் கட்டிய கொட்டகைக்குப் பேரன் வாரிசு. அது நின்ற மண்ணுக்கு அவன் யாரோ.

மண்ணின் விலை மட்டும் ஏறிக்கொண்டே போனது. 1969இல் பக்கத்திலேயே பல்கலைக்கழகம் வந்தது. 1972இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வணிக வட்டாரம் பிறந்தது. 1985இல் பினாங்குப் பாலம் திறந்து, குளுகோரைப் பெருநிலத்தோடு இணைத்தது. ஊரோரத்து மேய்ச்சல் நிலம் நகரத்தின் நடுவுக்கு வந்துவிட்டது.

2008க்கு முன்பிருந்த மாநில அரசின் காலத்தில் இந்த நிலத்தை அரசு அதிகாரிகளின் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்கு வழங்க முடிவானது. விலை சுமார் 32 லட்சம் வெள்ளி. 2008 மார்ச் தேர்தலில் ஆட்சி மாறியது. அந்த மாதமே நிலம் கைமாறியது. அங்கே அடுக்குமாடி வரப்போகிறது என்று தெரிந்தது. இது பிரவுன் குடும்பத்தின் அறக்கட்டளை எங்களுக்காக விட்டுச் சென்ற நிலம் என்று குடியிருப்பாளர்கள் வாதாடினார்கள். 2009 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றார்கள். ஜூனில் கூட்டரசு நீதிமன்றமும் கதவை மூடியது. அதே நிலத்தின் ஒரு பகுதியில் இரட்டை மாடி வீடு தருவதாகப் பேச்சு நடந்தது. சிலர் ஏற்றார்கள், சிலர் மறுத்தார்கள். அந்தச் செப்டம்பரில் மறுத்தவர்களின் வீடுகளும் இடிக்கப்பட்டன.

பழி எந்த ஆட்சிமேல் என்று அப்போது நிறையப் பேசினோம். அந்தக் கேள்வியின் சத்தத்தில் அடிப்படைக் கேள்வி அமுங்கிப்போனது. இந்தக் கம்பத்தின் பிறந்த கதையை, இடிப்பு இயந்திரம் வருவதற்கு முன்னால் யார் எழுதி வைத்தார்கள்? எந்த ஆண்டில் யார் குடியேறினார்கள், தோட்டத்துரை என்ன சொல்லி இடம் கொடுத்தார், அறக்கட்டளை நிலம் எந்த நிபந்தனையோடு அரசுக்குப் போனது என்பதெல்லாம் பெரியவர்களின் நினைவிலேயே தங்கிவிட்டன. நினைவு வலிமையானதுதான்; நீதிமன்றத்தில் அது கிராந்து எனும் நிலப்பட்டாவின் முன் நிற்காது.

தோட்டம் சார்ந்து பிறந்த தமிழர் குடியிருப்புகள் இந்நாட்டில் இன்னும் உண்டு. பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்ய வேண்டும். பழைய ரசீது, உரிமத் தாள், கோவில் கணக்குப் புத்தகம் எல்லாவற்றையும் பிரதி எடுக்க வேண்டும். நில அலுவலகத்தில் நம் கம்பம் யார் பெயரில் இருக்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டும். விற்பனைப் பேச்சு காதில் விழுந்த பிறகு ஓடினால் வழக்கறிஞருக்கும் வழி இருக்காது. கம்போங் புவா பாலா மக்கள் தங்கள் வீட்டைக் கொடுத்து நமக்குக் கற்றுத் தந்த பாடம் இது. அதை வீணாக்கும் உரிமை நமக்கு இல்லை.