வாடாவும் வாடகையும்: புனே வீட்டுக்காரர்களின் கதை

தலைப்பைப் பார்த்துவிட்டு நான் யாரையோ 'வாடா' என்று கூப்பிடுவதாக நினைக்க வேண்டாம் :-) மராத்தியில் வாடா என்றால் பெரிய வீடு. நடுவில் முற்றம், சுற்றி மரத்தூண்கள், செங்கல்லும் மண்ணும் வைத்து எழுப்பிய சுவர், இரண்டு மூன்று மாடி. நம்ம செட்டிநாட்டு வீட்டை நினைத்துக்கொண்டு, அதிலிருந்து பளபளப்பைக் கழித்துவிட்டால் கிட்டத்தட்ட வந்துவிடும். பழைய புனேயின் கஸ்பா பேட், சனிவார் பேட், சதாசிவ் பேட் பக்கம் போனால் இன்றும் சில மிச்சம் இருக்கின்றன. (பேட் என்றால் நம்ம சைதாப்பேட்டையில் வரும் அதே பேட்டைதான்.)

பேஷ்வா காலத்தில் வசதியானவர்கள் கட்டிய வீடுகள் இவை. 1818-ல் அந்த ஆட்சி முடிந்தது. காலப்போக்கில் பல குடும்பங்கள் இரண்டு அறை மூன்று அறையாகப் பிரித்து வாடகைக்கு விட்டார்கள். நம்மூர் ஒண்டுக்குடித்தனம் மாதிரியேதான். இந்த ஊரின் சிறு வாடகை முதலீட்டாளர்களின் முன்னோடி என்று அவர்களைச் சொல்லலாம்.

இதெல்லாம் இப்போது எதற்கு? வங்கியில் என் மேஜைக்கு எதிரே உட்காருபவர்களில் பலர் கேட்பது, "ரெண்டாவதா ஒரு ஃப்ளாட் வாங்கி வாடகைக்கு விடலாம்னு பாக்கறேன் சார், வட்டி எவ்வளவு?" வட்டியை எல்லாரும் கேட்கிறார்கள். 'விட்ட வீடு திரும்பக் கைக்கு வருமா?' என்று யாரும் கேட்பதில்லை. அந்த இரண்டாவது கேள்விக்கு இந்த ஊரில் பெரிய சரித்திரமே இருக்கிறது.

முதல் உலகப்போர் சமயம் பம்பாயில் வீட்டுக்குப் பெரிய தட்டுப்பாடு. வாடகை எகிறியது. 1918-ல் பம்பாய் மாகாண அரசு வாடகையைக் கட்டுப்படுத்த முதல் சட்டம் போட்டது. இரண்டாம் போர் வந்தபோது மறுபடியும் அதே கதை. சுதந்திரத்தோடு பிரிவினையும் வந்தது. புனேக்குப் பக்கத்தில் பிம்ப்ரியில் சிந்தி அகதிகள் முகாமே போட்டார்கள். அந்த நிலைமையில் வந்ததுதான் 1947-ம் வருட பம்பாய் வாடகைச் சட்டம். 1940 செப்டம்பர் 1-ம் தேதி என்ன வாடகையோ, அதுதான் 'நிலையான வாடகை'. ஒழுங்காக வாடகை கட்டும் குடித்தனக்காரரை, சட்டம் சொன்ன சில காரணங்கள் இல்லாமல் வெளியேற்ற முடியாது.

நியாயமான சட்டம்தான். போர்க்காலத்தில் ஒரு குமாஸ்தா குடும்பம் தெருவுக்கு வராமல் காப்பாற்றியது அதுதான். சிக்கல் என்னவென்றால், தற்காலிகம் என்று வந்த சட்டத்தை மறுபடி மறுபடி நீட்டி, 2000 வரைக்கும் இழுத்துவிட்டார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1940-ல் பத்து ரூபாய் வாடகை. வரி உயர்வு மாதிரி சில அனுமதித்த கூடுதல்களைத் தவிர, அறுபது வருடம் கழித்தும் அதே பத்து ரூபாய்! ஒரு ஓடு மாற்ற அந்த வருட வாடகை பத்தாது. வீட்டுக்காரர் ரிப்பேர் செய்யவில்லை. குடித்தனக்காரரும் 'அவர் வீடு, நான் ஏன் செலவு செய்யணும்' என்றிருந்தார். மழை மட்டும் வருடா வருடம் தவறாமல் வந்தது. 1961 ஜூலை 12 அன்று பான்ஷெட் அணை உடைந்து முட்டா நதி ஊருக்குள் புகுந்தபோது, ஆற்றோரப் பேட்டைகளில் ஏகப்பட்ட வாடாக்கள் அப்படியே கரைந்தன. வீடிழந்தவர்களைக் கோகலே நகர் போன்ற புதுக் குடியிருப்புகளுக்கு அனுப்பினார்கள்.

சட்டம் ஒரு கதவை மூடினால் ஜனங்கள் ஜன்னல் வழியாக வருவார்கள் இல்லையா? முதல் ஜன்னல், பக்டி. பக்டி என்றால் தலைப்பாகை. வீட்டுக்குள் வருவதற்கு மொத்தமாக ஒரு தொகை, ரசீது கிடையாது. 1947 சட்டப்படி அது குற்றம். ஆனாலும் நடந்தது.

இரண்டாவது ஜன்னல், லீவ் அண்ட் லைசென்ஸ். 1882-ம் வருட ஈஸ்மென்ட் சட்டத்தில் 'லைசென்ஸ்' என்று ஒன்று உண்டு. வாடகை உரிமை இல்லை, இங்கே இருந்துகொள்ள வெறும் அனுமதி. 'நீ குடித்தனக்காரன் இல்லை, லைசென்ஸி' என்று எழுதிக்கொண்டால் வாடகைச் சட்டம் தொடாது என்று நம்பினார்கள். 1973-ல் அந்த நம்பிக்கையிலும் மண் விழுந்தது. 1973 பிப்ரவரி 1 அன்று செல்லுபடியாகும் லைசென்ஸில் குடியிருந்தவர்கள் எல்லாரும் இனி பாதுகாக்கப்பட்ட குடித்தனக்காரர்கள் என்று சட்டத் திருத்தம் வந்தது!

இதன் பலன் பல வருடங்களுக்கு நீடித்தது. ஃப்ளாட் வாங்கியவர்கள் பூட்டியே வைத்தார்கள். வீடு தேடியவர்களுக்கு வீடில்லை, வீடு வைத்திருந்தவர்களுக்கு வருமானம் இல்லை.

கடைசியில் 1997 டிசம்பரில், மல்பே விஸ்வநாத் ஆச்சார்யா வழக்கில், இந்த உறைந்த வாடகை காலப்போக்கில் நியாயமற்றதாகிவிட்டது என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. சட்டத்தின் ஆயுள் முடியப்போகிறது என்பதால் ரத்து மட்டும் செய்யவில்லை. 2000 மார்ச் 31 முதல் புதுச் சட்டம் அமலுக்கு வந்தது: மகாராஷ்டிரா வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999.

பழைய குடித்தனக்காரர்களுக்கு இதில் பெரிய மாற்றம் இல்லை. வருடத்துக்கு 4 சதவீதம் ஏற்றலாம், அதாவது பத்து ரூபாய்க்கு நாற்பது பைசா :-) பக்டி சட்டபூர்வமானது. வங்கிகளுக்கும், ஒரு கோடி ரூபாய்க்கு மேல் மூலதனம் உள்ள கம்பெனிகளுக்கும் பாதுகாப்பு போனது. பழைய வாடகையில் கிளை நடத்திய வங்கிகளுக்கு அது நல்ல செய்தி இல்லை!

ஆனால் நம்மைப் போன்ற சின்ன ஆளுக்கு முக்கியம் இரண்டு பிரிவுகள்தான். 24-வது பிரிவு: குடியிருக்க லைசென்ஸில் விட்ட வீட்டைக் கெடு முடிந்தும் காலி செய்யாவிட்டால், சாதாரண சிவில் கோர்ட்டுக்கு அலையாமல் இதற்கென்றே உள்ள அதிகாரியிடம் போகலாம். தங்கும் நாட்களுக்கு இரட்டிப்புத் தொகை. எழுத்தில் உள்ள ஒப்பந்தமே முடிவான சாட்சி. 55-வது பிரிவு: ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், பதிவு செய்யவேண்டும். அந்தப் பொறுப்பு வீட்டுக்காரருடையது. பதியாமல் தகராறு வந்தால் குடியிருப்பவர் சொல்வதுதான் எடுபடும், மாற்றி நிரூபிக்கும் வேலை நமக்கு. மீறினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஹிஞ்சவடியில் ஐ.டி. பார்க் வளர்ந்ததும் ஏறக்குறைய இதே சமயம்தான். வீட்டுக்கடன் சுலபமானது, வாடகைக்குப் பிள்ளைகள் வந்தார்கள், பூட்டுகள் திறந்தன. வேலையும் கடனும் காரணம் என்று எல்லாரும் சொல்வார்கள். வீடு திரும்பி வரும் என்ற தைரியத்தைக் கொடுத்த இந்த இரண்டு பிரிவுகளுக்கும் அதில் பங்கு உண்டு என்பது என் கட்சி.

ஆரம்பிக்கப் போகிறவர்களுக்கு ஒரு பி.காம். கணக்கு. 60 லட்சம் ஃப்ளாட், மாதம் 18,000 வாடகை என்று வையுங்கள். வருடத்துக்கு 2,16,000. சொசைட்டி மெயின்டனன்ஸ் 30,000, சொத்து வரி 10,000, ஒரு மாதம் காலி என்றால் 18,000, பெயிண்ட் பிளம்பர் 8,000. மிச்சம் 1,50,000. இரண்டரை சதவீதம்! வாடகை ஈ.எம்.ஐ.யைக் கட்டிவிடும் என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டே எழுந்து வாருங்கள். 2017-லிருந்து, வாடகை வீட்டில் வரும் வட்டி நஷ்டத்தைச் சம்பளத்தோடு கழிப்பதற்கும் 2 லட்சம் என்று வரம்பு. புதிய வரித் திட்டத்துக்குப் போனால் அதுவும் இல்லை. 2020-ல் கொரோனா வந்து ஐ.டி. பிள்ளைகள் ஊருக்குப் போனபோது, ஆறு மாத ஈ.எம்.ஐ. கையிருப்பில் வைத்திருந்தவர்கள்தான் நிம்மதியாக இருந்தார்கள்.

நம்மூர்ப் பழக்கத்தில், தெரிந்த பையன்தானே என்று வாய்வார்த்தையில் சாவியைக் கொடுக்காதீர்கள். இங்கே பதிவை இணையத்திலேயே முடித்துவிடலாம். அது குடியிருக்க வருபவருக்கும் நல்லது. டெபாசிட் எவ்வளவு, எப்போது திரும்பும் என்பது அவர் கையிலும் காகிதமாக இருக்கும்.

மழைக்காலத்தில் சதாசிவ் பேட் பக்கம் போனால், முட்டுக் கொடுத்து நிற்கும் ஒரு வாடாவையாவது நின்று பாருங்கள். கீழே குடித்தனக்காரரின் பேரன், மேலே வீட்டுக்காரரின் பேரன், இருவருக்கும் ஒரே ஒழுகும் கூரை. இரண்டு பக்கமும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. கணக்கு உறைந்துபோனதுதான் காரணம்.