கல்வாழை

கல்வாழை என்பது அகன்ற இலைகளுக்காகவும் நிறம் மிக்க பூக்களுக்காகவும் வீட்டுத் தோட்டங்களில் வளர்க்கப்படும் ஒருவித்திலைப் பல்லாண்டுத் தாவரம் ஆகும். இதன் அறிவியற் பெயர் கன்னா இண்டிகா. கன்னேசியே குடும்பத்தில் உள்ள ஒரே பேரினம் கன்னா ஆகும். இலைகள் வாழையை ஒத்திருப்பினும் இது வாழைக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. எனினும் வாழை, இஞ்சி, மஞ்சள் ஆகியவை அடங்கும் அதே தாவர வரிசையில் இதுவும் அடங்குகிறது.

தாயகம்

இவ்வினத்திற்கு 1753 ஆம் ஆண்டில் லின்னேயசு பெயரிட்டார். 'இண்டிகா' என்னும் சொல் இந்தியாவைச் சுட்டுவது போல் தோன்றினும், இதன் தாயகம் அமெரிக்கக் கண்டங்களின் வெப்பவலயப் பகுதிகளாகும்.

அமைப்பு

கல்வாழை பொதுவாக 1 முதல் 2 மீட்டர் உயரம் வளரும். மண்ணுக்கடியில் கிடையாகக் கிளைத்துப் பரவும் கிழங்கு உண்மையில் ஒரு தண்டு ஆகும். தோட்ட வகைகளில் பச்சை, செம்பழுப்பு, வரியோடிய இலைகள் காணப்படுகின்றன. பூவில் இதழ்கள் போல் தோன்றுபவை பெரும்பாலும் மலட்டு மகரந்தத்தாள்களே. உண்மையான இதழ்கள் சிறியவை. கருநிற விதைகள் மிகக் கடினமானவை. மணிமாலை செய்யவும் பயன்படுகின்றன.

வளர்ப்பு

* இடம்: நாள்தோறும் 6 மணி நேரமாவது நேரடி வெயில் தேவை. நிழலில் இலைகள் செழித்தாலும் பூக்கள் குறையும்.
* நடவு: ஒன்றிரண்டு முளைகள் உள்ள கிழங்குத் துண்டுகளை 5 முதல் 10 செ.மீ. ஆழத்தில், 45 முதல் 60 செ.மீ. இடைவெளியில் நட வேண்டும்.
* உரம், நீர்: தொழுவுரம் கலந்த, ஈரம் காக்கும் மண் ஏற்றது.
* பராமரிப்பு: ஒரு தண்டு பூத்து முடிந்தபின் மீண்டும் பூப்பதில்லை. அதனை அடியோடு வெட்டினால் புதிய தண்டுகள் எழும்.
* விதை: விதையுறையைச் சற்றுத் தேய்த்து, நீரில் ஊறவைத்த பின்னரே விதைக்க வேண்டும்.

உறைபனி விழும் நாடுகளில் குளிர்காலத்திற்கு முன் கிழங்கைத் தோண்டி எடுத்துப் பாதுகாக்கின்றனர்.

நோய்கள்

இலைகளைச் சுருட்டி உள்ளிருந்து தின்னும் புழுக்களைக் கையால் நீக்கலாம். வைரசு நோய்களுக்கு மருந்து இல்லை. ஒழுங்கற்ற மஞ்சள் கோடுகள், காய்ந்த இலையோரம், குன்றிய வளர்ச்சி ஆகியவை இவற்றின் அறிகுறிகள். வரியோடிய இலை வகைகளில் கோடுகள் நரம்புகளை ஒட்டி ஒழுங்காக அமைந்திருக்கும். நோயுற்ற செடியின் கிழங்கைப் பகிர்ந்தால் நோயும் உடன் செல்லும். ஆகவே அண்டை வீட்டாரிடமிருந்து கிழங்கு பெறுவோர், இலைகள் தழைத்திருக்கும் காலத்திலேயே தாய்ச்செடியைப் பார்த்துத் தெரிவு செய்தல் நன்று. நோயுற்ற செடியைக் கிழங்குடன் அகற்றி அழிக்க வேண்டும்.

கழிவுநீரும் கல்வாழையும்

தமிழ்நாட்டில் குளியலறை நீர் வெளியேறும் இடத்தில் கல்வாழையும் சேம்பும் நடும் வழக்கம் உண்டு. இதன் வேர்களைச் சூழ்ந்த நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கின்றன. செடி நைதரசன், பாசுபரசு ஆகியவற்றை உறிஞ்சுகிறது. இதனாலேயே செயற்கை ஈரநிலங்களிலும் இது நடப்படுகிறது. தென்னாப்பிரிக்காவில் கல்வாழை ஊடுருவும் தாவரமாக அறிவிக்கப்பட்டுள்ளது. எனவே மிகுதியான கிழங்குகளை ஓடைக்கரைகளில் எறிதல் கூடாது.