பெயர் மாறாத சட்டம்

1937 அக்டோபர் 1 அன்று சென்னை மாகாணத்தின் முதல் மதுவிலக்கு சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்தது. தேன்கனிக்கோட்டையும் ஓசூரும் கிருஷ்ணகிரியும் அன்று அம்மாவட்டத்தைச் சேர்ந்தவை. அதைக் கொணர்ந்த இராஜாஜியோ ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தவர். எல்லைக்கு அப்பால் மைசூர் அரசு. அங்கே இச்சட்டம் செல்லாது. ஆயினும் எல்லைப்புற மண்ணிலேயே அவர் தொடங்கினார்.

அதற்குமுன், 1886ஆம் ஆண்டின் ஆப்காரிச் சட்டப்படி, கள், சாராயக் கடைகள் ஏலம் விடப்பட்டன. ஏலம் எடுத்தவர் கட்டிய பணத்தை மீட்கப் பிறரைக் குடிக்கச் செய்தாக வேண்டும். ஏழையின் கூலி அவ்வழியே கருவூலத்தை அடைந்தது. அந்த வருவாயைத் துறந்த இராஜாஜி, மாற்றாக 1939இல் பொது விற்பனை வரியை விதித்தார். மதுவை ஒழிக்க விரும்புவோர் அதன் பணத்துக்கும் மாற்றுவழி காண வேண்டுமென்பதை அவர் உணர்ந்திருந்தார்.

1948இல் மாகாணம் முழுவதும் பரவிய மதுவிலக்கு, 1971 ஆகஸ்டில் ஒத்திவைக்கப்பட்டது. முதல்வர் கருணாநிதியை நேரில் கண்டு மூதறிஞர் இராஜாஜி வேண்டியும் பயனில்லை. 1974இல் மூடிய கடைகள் 1981இல் மீண்டும் திறந்தன. 1983இல் தோன்றிய டாஸ்மாக் நிறுவனம் மொத்த விற்பனையை ஏற்றது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் சில்லறை விற்பனையையும் அதனிடமே ஒப்படைத்தது. தனியார் உரிமங்கள் மறைந்தன, அரசே கடைக்காரராயிற்று.

வியப்பு யாதெனில், திருத்தப்பட்ட சட்டம் 1937இன் மதுவிலக்குச் சட்டமே! தடுக்கப் பிறந்த சட்டம், பெயர் மாறாமலேயே, விற்க உரிமை தருகிறது. விற்பனை வரியின் கதையும் அத்தகையதே. 2017இல் பெரும்பாலான பொருள்கள் சரக்கு, சேவை வரிக்குள் சென்றபோது மது வெளியே நிறுத்தப்பட்டது. மதுப்பணத்துக்கு மாற்றாகப் பிறந்த வரியின் வழித்தோன்றலே இன்று மதுவிலிருந்தும் பணம் திரட்டுகிறது. 2023-24இல் டாஸ்மாக் வழியாக அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது.

குடிப்பவரின் மன உறுதியைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அது தேவையே. ஆனால் அவரை நம்பி ஓர் அரசின் வரவுசெலவுத் திட்டமே நிற்கும்போது, அவர் திருந்துவதை உண்மையில் விரும்புவோர் எத்தனை பேர்? கடைகளை மூடுங்கள் என்று கேட்கும் நாம், அதனால் குறையும் பணத்தில் நம் பங்கை வரியாகத் தர ஆயத்தமா? 1939இல் இராஜாஜி மக்கள்முன் வைத்த இவ்வினா இன்னும் விடைக்காகக் காத்திருக்கிறது.