மைன்கிராஃப்ட் மேப்: சர்வர்ல இல்ல, உங்க கம்ப்யூட்டர்லதான் இருக்கு! பத்திரமா பகிர்வது எப்படி?

போன லீவுல அத்தை பையனும் நானும் ஒரே மைன்கிராஃப்ட் சர்வர்ல விளையாடிட்டு இருந்தோம். அவன் வடக்குப் பக்கம் சுத்தினான். நான் தெற்குப் பக்கம். "உன் மேப்பை அனுப்புடா, ஒண்ணா சேர்த்துக்கலாம்"னு கேட்டேன். ஜிப் ஃபைல் வந்துச்சு. ஆர்வத்துல என் ஃபோல்டர் மேலயே பேஸ்ட் பண்ணிட்டேன். 'ரீப்ளேஸ் பண்ணவா?'னு கம்ப்யூட்டர் கேட்டதுக்கு யோசிக்காம ஓகே கொடுத்தேன். அவ்ளோதான்! வீட்டைச் சுத்தி நான் வரைஞ்சு வச்சிருந்த பகுதியும், மூணு மாசமா குறிச்சு வச்ச இடங்களும் காலி.

இந்தத் தப்பை நீங்க பண்ண வேண்டாம். மேப் மோடு எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா, இழக்காமலும் பகிரலாம். ரகசியம் கசியாமலும் பகிரலாம்.

மேப் எங்கே இருக்கு?

மைன்கிராஃப்ட் ஜாவா எடிஷன்ல பலரும் பயன்படுத்துறது ஜர்னிமேப், ஸேரோஸ் மினிமேப், ஸேரோஸ் வேர்ல்டு மேப் ஆகிய மோடுகள். நீங்க நடக்க நடக்க, சர்வர் உங்களைச் சுத்தியுள்ள நிலத்தை 16-க்கு 16 பிளாக் கொண்ட 'சங்க்'குகளா அனுப்பும். மோடு அதைப் பார்த்துப் படமா வரைஞ்சுக்கும். அந்தப் படம் சேமிக்கப்படுறது சர்வர்ல இல்லை, உங்க கம்ப்யூட்டர்ல. அதனாலதான் ஒரே சர்வர்ல இருந்தாலும் உங்க மேப்பும் நண்பர் மேப்பும் வேற வேறயா இருக்கு.

மைன்கிராஃப்ட் ஃபோல்டருக்குள்ள ஜர்னிமேப் தன் பெயர்லயே ஒரு ஃபோல்டர் வச்சிருக்கும். அதுல டேட்டாவுக்குள்ள போனா 'எம்.பி.'னு ஒரு பகுதி. மல்டிபிளேயர் மேப் எல்லாம் அங்கே. ஸேரோஸ் புது வெர்ஷன்கள்ல 'ஸேரோ' ஃபோல்டருக்குள்ள மினிமேப், வேர்ல்டு மேப்னு ரெண்டு பிரிவு இருக்கும். வேபாயின்ட், அதாவது நீங்க குறிச்சு வச்ச இடங்கள், மினிமேப் பிரிவுல. வரைஞ்ச நிலம் வேர்ல்டு மேப் பிரிவுல. ஒண்ணை மட்டும் காப்பி பண்ணிட்டு இன்னொண்ணை மறக்குறவங்கதான் அதிகம்.

'மேப் காணாம போச்சு!'

பெரும்பாலும் காணாம போகலை, இடம் மாறியிருக்கும். மூணு காரணங்கள் உண்டு.

ஒண்ணு, சர்வர் முகவரி மாற்றம். மோடுகள் சர்வரோட பெயரையோ முகவரியையோ வச்சுத்தான் ஃபோல்டர் உருவாக்கும். முகவரி மாறினா புது சர்வர்னு நினைச்சு வெள்ளைத் தாள்ல இருந்து ஆரம்பிக்கும். கேமை மூடிட்டு, பழைய ஃபோல்டர்ல இருக்கிறதைப் புது ஃபோல்டருக்குள்ள காப்பி பண்ணினா பெரும்பாலும் திரும்பி வந்துடும்.

ரெண்டு, ப்ரொஃபைல். கர்ஸ்ஃபோர்ஜ், ப்ரிஸம் மாதிரி லாஞ்சர்கள்ல ஒவ்வொரு ப்ரொஃபைலுக்கும் தனி ஃபோல்டர். புது ப்ரொஃபைல் ஆரம்பிச்சா மேப் கூடவே வராது. பழைய ப்ரொஃபைலை டெலிட் பண்ணினா மேப்பும் சேர்ந்தே போயிடும். இது மட்டும்தான் நிஜமான இழப்பு. டெலிட் பண்றதுக்கு முன்னாடி ஒருமுறை பாருங்க, ப்ளீஸ்.

மூணு, ஒரே முகவரிக்குப் பின்னால பல உலகங்கள். லாபி, சர்வைவல், மினிகேம்னு மாறி மாறிப் போற சர்வர்கள்ல ஒரு உலகத்து மேப் மேல இன்னொண்ணு வரையப்பட்டுக் குழம்பலாம். சர்வர் நடத்துறவங்க ஸேரோஸ் மோடை சர்வர்லயும் போட்டா, ஒவ்வொரு உலகத்தையும் அது தனித்தனியா அடையாளம் காட்டும்.

பகிர்வது எப்படி? சின்னதுல ஆரம்பிங்க

*வேபாயின்ட் மட்டும்:* நண்பருக்கு ஒரு கிராமத்தையோ குகையையோ காட்டணும்னா முழு மேப் எதுக்கு? ரெண்டு மோடுலயும் வேபாயின்ட்டை சாட்ல அனுப்பலாம். அதே மோடு இருக்கிறவங்க கிளிக் பண்ணிச் சேர்த்துக்கலாம். மோடு இல்லாதவங்களுக்கு எக்ஸ், ஒய், இசட் எண்களைச் சொன்னாலே போதும். எஃப்3 அழுத்தினா அது திரையில தெரியும். நெதர்ல இருந்து குறிக்கிறீங்கன்னா ஒரு கணக்கு: நெதர்ல 1 பிளாக் நடந்தா வெளியுலகத்துல 8 பிளாக். இதை மறந்து எண்ணைக் கொடுத்தா நண்பர் கடல் நடுவுல நிப்பார்.

*மேப் ஃபோல்டர்:* ஜர்னிமேப் நிலத்தை 512-க்கு 512 பிளாக் துண்டுகளா, பி.என்.ஜி. படங்களா வைக்கும். ஃபைல் பெயரே முகவரி. '1,0' என்றால் கிழக்கே 512-ல் தொடங்கி 1023 வரை. நண்பர்கிட்ட இருந்து வந்த ஃபைல்ல உங்ககிட்ட இல்லாத பெயர்களை மட்டும் காப்பி பண்ணுங்க. ஒரே பெயர் ரெண்டு பேர்கிட்டயும் இருந்தா 'ஸ்கிப்' கொடுங்க. ஏன்னா கம்ப்யூட்டர் ரெண்டு படத்தையும் ஒட்டாது. ஒண்ணை அழிச்சுட்டு இன்னொண்ணை வைக்கும். நான் மாட்டினது இங்கேதான். எல்லாரும் ஆட்டம் தொடங்குற இடம் ஒண்ணே என்பதால, வீட்டைச் சுத்தின துண்டுகள் கண்டிப்பா மோதும். அந்தத் துண்டுகள் மட்டும் அவசியம்னா, ரெண்டு படத்தையும் ஒரு போட்டோ எடிட்டர்ல ஒண்ணு மேல ஒண்ணு வச்சுச் சேர்க்கலாம். ஸேரோஸ் தன் சொந்த ஃபார்மட்ல சேமிக்கிறதால இந்த வித்தை அங்கே நடக்காது. புதுத் துண்டுகளைச் சேர்க்க மட்டும்தான் முடியும்.

எதைச் செய்தாலும் கேமை மூடிட்டு, பழைய ஃபோல்டரை ஜிப் பண்ணித் தனியா வச்சுட்டுச் செய்யுங்க.

*எல்லாருக்கும் ஒரே மேப்:* பத்துப் பேர் விளையாடுற சர்வர்னா ஃபோல்டர் அனுப்புறது வீண் வேலை. அட்மின்கிட்ட டைன்மேப் அல்லது ப்ளூமேப் போடச் சொல்லுங்க. சர்வரே மேப் வரையும். போன் பிரவுசர்லயே திறந்து பார்க்கலாம்.

மொபைல்ல விளையாடுறவங்களுக்கு?

போன்ல இருக்கிறது பெட்ராக் எடிஷன். ஜாவா மோடுகள் அதுல ஓடாது. வேர்ல்டு செட்டிங்ஸ்ல 'ஷோ கோஆர்டினேட்ஸ்' ஆன் பண்ணி, முக்கிய இடங்களை நோட்ஸ் ஆப்ல எழுதி வையுங்க. கேமுக்குள்ளயே கார்ட்டோகிராஃபி டேபிள்ல மேப்போட ஒரு காலி மேப்பைச் சேர்த்தா நகல் கிடைக்கும். அதை நண்பர்கிட்ட கொடுத்தா, ஒருத்தர் நடந்தா இன்னொருத்தர் மேப்லயும் நிலம் விரியும். எந்த ஃபைலும் அனுப்ப வேண்டாம்!

யார் வீட்டு முகவரி அது?

மேப்பைக் கொடுக்கும்போது நிலத்தை மட்டும் கொடுக்கலை. உங்க குழுவுல எல்லாரோட வீடு, பெட்டி, பண்ணை எல்லாம் அதுல இருக்கு. 2010-ல் தொடங்கின 2பி2டி சர்வர்ல விதிகளே கிடையாது. அங்கே ஒளிஞ்சிருக்கிற இடம்தான் ஒரே பாதுகாப்பு. 2018 முதல் 2021 வரை சிலர் 'நோகாம்' என்ற ஓட்டையைப் பயன்படுத்தி ஆட்டக்காரர்கள் எங்கே இருக்காங்கன்னு ரகசியமா பதிவு பண்ணினாங்க. வருஷக்கணக்கா கட்டின தளங்கள் அதனால வெளிப்பட்டன.

நம்ம சின்ன சர்வர்லயும் அதே நியாயம்தான். மத்தவங்க வீடு இருக்கிற மேப்பை அவங்களைக் கேட்காம அனுப்பாதீங்க. கேட்டுட்டு, தேவையான துண்டுகளை மட்டும் அனுப்புங்க. ஸ்கிரீன்ஷாட் போடும்போது ஓரத்துல இருக்கிற எண்களை மறைச்சுடுங்க. 2025 ஜூன்ல வந்த 1.21.6 அப்டேட்டுக்குப் பிறகு மத்தவங்க இருக்கும் திசையை கேமே 'லொகேட்டர் பார்'ல காட்டுது. குனிஞ்சு நடந்தா அதுல தெரிய மாட்டீங்க. போட்டி சர்வர்கள்ல எதிரியைக் காட்டும் ரேடாருக்குத் தடை இருக்கலாம். அந்த வசதி இல்லாத 'ஃபேர்பிளே' வெர்ஷன் ஸேரோஸ்ல உண்டு. விதியை முன்னாடியே படிச்சிடுங்க.

கடைசியா ஒண்ணு. மேப் டேட்டான்னா படமும் சின்ன டேட்டா ஃபைலும்தான். யாராவது 'மேப்'னு சொல்லி ஜார் அல்லது இ.எக்ஸ்.இ. ஃபைல் அனுப்பினா திறக்காதீங்க. 2023 ஜூன்ல 'ஃப்ராக்சரைசர்' என்ற வைரஸ் கர்ஸ்ஃபோர்ஜ் தளத்துல இருந்த சில மோடுகளுக்குள்ளயே புகுந்துச்சு.

அத்தை பையன் இப்போ மேப் அனுப்பினா முதல்ல ஜிப், அப்புறம்தான் பேஸ்ட். தெற்குப் பக்கத்தை மறுபடி நடந்துட்டு இருக்கேன்.