கேட்டதும் சொன்னதும்: பாகலூர் வட்டாரத் தொடக்கப் பள்ளிகளும் பெற்றோரும், 1822 முதல் 2024 வரை

குழந்தைகளுக்கான இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளை வரிசையாகச் சொல்கிறது. நேரத்துக்குப் பள்ளிக்கு வருவது, பாடத்தை உரிய காலத்தில் முடிப்பது என்று போகும் அந்த வரிசையில் அதிகம் பேசப்படாத ஒரு கடமையும் இருக்கிறது. பெற்றோரை முறையாகக் கூட்டி, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், கற்றலில் கண்ட முன்னேற்றம் ஆகியவற்றை அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதே அது. சட்டம் 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. பள்ளி வீட்டுக்குச் சொல்ல வேண்டியது என்ன என்பதைச் சட்டம் இவ்வளவு தெளிவாக எழுத அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

அதுவரை பள்ளிக்கும் வீட்டுக்கும் உறவே இல்லை என்று பொருளல்ல. உறவு இருந்தது. ஆனால் அது பெரும்பாலும் பள்ளி கேட்க, வீடு கொடுக்கும் உறவாக இருந்தது. பிள்ளையை அனுப்பு, பணம் கொடு, அரிசி கொடு, கையெழுத்துப் போடு என்று ஒவ்வொரு காலத்திலும் கேட்பு மாறியது. பிள்ளை எதைக் கற்றது, எங்கே தடுமாறுகிறது என்ற செய்தி வீட்டுக்கு வந்தது மிகவும் பிந்தித்தான். ஓசூரிலிருந்து மாலூர் செல்லும் சாலையில், கர்நாடக எல்லையை ஒட்டியுள்ள பாகலூர் வட்டாரத்தில் இந்த வரலாறு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. வீட்டு மொழி ஒன்று, பள்ளி மொழி வேறொன்று என்று வாழும் குடும்பங்கள் இங்கே ஏராளம்.

திண்ணையிலிருந்து ஆய்வாளருக்கு

பாகலூர் தெலுங்கு பேசிய பாளையக்காரர்களின் ஊர். 1792இல் பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கும்பினி வசமானது. 1799இல் திப்பு வீழ்ந்தபின் ஓசூர்ப் பகுதியும் அதன் கைக்குப் போனது. அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராகப் பாராமகாலில் வருவாய்ப் பணி பார்த்த தாமஸ் மன்றோ, பின்னாளில் சென்னை மாகாண ஆளுநரானதும், 1822இல் மாகாணம் முழுவதும் நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி, ஏறத்தாழ ஒரு கோடியே 28 லட்சம் மக்களுக்கு 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றில் சுமார் 1,88,000 பேர் படித்தார்கள். வீட்டிலேயே கற்பிக்கப்பட்ட சிறுவர்களையும் சேர்த்தால் படித்தவர் எண்ணிக்கை மிகவும் கூடும் என்றும் அவர் கணித்தார்.

அந்தத் திண்ணைப் பள்ளிகளைப் பொற்காலம் என்று சொல்ல நான் தயாரில்லை. பெண் குழந்தைகளும் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளும் பெரும்பாலும் அங்கே இல்லை. ஆனால் நம் பொருளுக்குத் தேவையான ஒன்றை அங்கே காணலாம். வாத்தியாருக்குக் கூலி கொடுத்தது பிள்ளையின் வீடு. பணமாகவும் தானியமாகவும் கொடுத்தது. பிள்ளை எதுவரை வந்திருக்கிறான் என்று வீட்டாருக்குச் சொல்லாமல் அவர் காலம் தள்ள முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அரசு மானிய முறை வந்தது. தேர்வில் பிள்ளைகள் காட்டிய தேர்ச்சியைப் பார்த்து மானியம் அளந்தார்கள். அப்போது ஆசிரியர் கணக்குச் சொல்ல வேண்டிய இடம் மாறிவிட்டது. பிள்ளையின் முன்னேற்றம் ஆய்வாளரின் பதிவேட்டுக்குப் போனது, வீட்டுக்குப் போகவில்லை.

1920ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் கட்டாயக் கல்விக்கு வழி திறந்தபோதும், 1994இன் தமிழ்நாட்டுக் கட்டாயத் தொடக்கக் கல்விச் சட்டம் அதை மாநிலம் முழுமைக்கும் விரித்தபோதும், பெற்றோர் தோன்றியது கடமை சுமத்தப்பட்டவராகத்தான். பிள்ளையை அனுப்பாதவர் யார் என்பதே கேள்வி.

வீடு என்ன தொழிற்கூடமா?

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி, முதலமைச்சராக இருந்த 1953இல் கொண்டுவந்த மாற்றியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளிக்கும் வீட்டுக்கும் உள்ள உறவை நேரடியாகத் தொட்டது. நாளில் மூன்று மணி நேரம் பள்ளி. மீதி நேரம் பிள்ளை பெற்றோரின் தொழிலைக் கற்கும் என்றது திட்டம். அதற்கு எழுந்த எதிர்ப்பும், 1954இல் காமராசர் பொறுப்பேற்றதும் திட்டம் கைவிடப்பட்டதும் எல்லோரும் அறிந்தவை. இந்த வரலாற்றில் நான் நிறுத்திப் பார்க்க விரும்புவது வேறு. பெற்றோரைக் கல்வியில் பங்காளியாக்குவதாகச் சொன்ன ஒரு திட்டம், அந்தப் பெற்றோரின் விருப்பத்தைக் கேட்கவே இல்லை. தான் செய்த வேலையைத் தன் பிள்ளை செய்யக் கூடாது என்பதற்காகத்தான் ஒரு கூலித் தொழிலாளி பள்ளிக்கூடத்தை நாடினார். இன்றுவரை கிராமத்துத் தாய்மார் சொல்லும் முதல் வாசகமும் அதுவே.

காமராசர் ஆட்சியில் உறவு வேறு திசையில் நகர்ந்தது. 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்தில் செலவின் ஒரு பங்கை ஊரார் ஏற்றார்கள். கல்வித் துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் 1958இல் செங்கற்பட்டு மாவட்டம் கடம்பத்தூரில் தொடங்கின. பெஞ்சு, கடிகாரம், கரும்பலகை, சீருடை, நிலம் என்று ஊர் மக்கள் கொடுத்தார்கள். பெரிய மக்கள் பங்கேற்பு அது. அதன் பெருமையைக் குறைக்க எனக்கு மனமில்லை. ஆனாலும் அது கொடுப்பவரின் பங்கேற்பு. பெஞ்சு வாங்கித் தந்தவருக்கு, அதில் உட்காரும் தன் பிள்ளைக்கு வாசிக்க வருகிறதா என்று தெரிந்துகொள்ளத் தனி ஏற்பாடு எதுவும் அந்த மாநாடுகளில் இல்லை. 1982இல் எம். ஜி. ஆரின் சத்துணவுத் திட்டம் உணவுச் செலவை அரசின் தோளுக்கு மாற்றியது. பசித்த பிள்ளைக்கு அது பெரிய நன்மை. அதேசமயம், ஊரார் பள்ளிக்குள் கால் வைக்க இருந்த ஒரு காரணம் குறைந்தது.

தருமபுரிக்கு வந்த குழுக்கள்

பாகலூர் அப்போது சேலம் மாவட்டத்தில் இல்லை. 1965இல் சேலத்திலிருந்து பிரிந்த தருமபுரி மாவட்டத்தில் இருந்தது; 2004 பிப்ரவரியில்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 1990களின் நடுவில் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தபோது முதல் கட்டத்திலேயே தருமபுரி இடம்பெற்றது. பெண்களின் எழுத்தறிவு தேசியச் சராசரிக்குக் கீழே இருந்த மாவட்டங்களைத் தேர்ந்தெடுப்பது அத்திட்டத்தின் அளவுகோல். கிராமக் கல்விக் குழு, தாய் ஆசிரியர் கழகம், வட்டார வள மையம் போன்ற பெயர்கள் இந்தப் பகுதி ஊர்களின் பேச்சில் கலந்தது அப்போதுதான்.

குழு அமைத்தால் பெற்றோர் பங்கேற்பார்கள் என்ற நம்பிக்கை எவ்வளவு சரி? உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் 280 கிராமங்களில் 2005-06இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்போடு சேர்ந்து நடத்திய ஆய்வு, கசப்பான விடையைத் தந்தது. ஊரில் கல்விக் குழு ஒன்று இருப்பதே பெற்றோரில் மிகப் பெரும்பாலோருக்குத் தெரியவில்லை. கூட்டம் போட்டு உரிமைகளை விளக்கியும் நிலைமை மாறவில்லை. ஊர்ப் பிள்ளைகளின் வாசிப்பைச் சோதித்துக் காட்டி, உள்ளூர் இளைஞர்களுக்கு வாசிக்கக் கற்பிக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்த ஊர்களில் மட்டும் மாற்றம் தெரிந்தது. அந்த இளைஞர்கள் நடத்திய வகுப்புகளுக்கு வந்த பிள்ளைகள் வாசிப்பில் முன்னேறினார்கள். குழுவில் பெயர் இருப்பதைவிட, இன்று மாலை பிள்ளையோடு என்ன செய்வது என்று தெரிந்திருப்பதே பெரிது என்று இதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன்.

தமிழ்நாடு அதே காலத்தில் இதற்கு நேர்மாறான ஒரு சிக்கலைச் சந்தித்தது. சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமார், ரிஷிவேலிப் பள்ளியின் அனுபவத்திலிருந்து எடுத்து 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08இல் மாநிலம் முழுவதும் பரவியது. அட்டைகள், ஏணிப்படிகள், சின்னங்கள், தரையை ஒட்டிய கரும்பலகை, பிள்ளையே குறிக்கும் அடைவு அட்டவணை என வகுப்பறை உருமாறியது. பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்பது சுவரிலேயே தெரியும். அவ்வளவு வெளிப்படையான முறை அதற்கு முன் வந்ததில்லை. ஆனால் வீட்டுக்கு வரும் பையில் வீட்டுப்பாடம் இல்லை, பழகிய தேர்வு இல்லை, ரேங்க் இல்லை. “பள்ளிக்கூடத்துல விளையாட்டுத்தான் நடக்குது” என்ற பேச்சு பரவியதற்குப் பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. ஏணியைப் படிக்கத் தெரிந்தது ஆசிரியருக்கும் பிள்ளைக்கும். பெற்றோருக்கு அதை யாரும் வாசித்துக் காட்டவில்லை. தனியார் ஆங்கிலப் பள்ளி வேன்கள் ஊருக்குள் வந்த காலமும் அதுதான். அந்தப் பள்ளிகள் தந்த ரேங்க் கார்டு எவ்வளவு மேலோட்டமானதாயினும், வீட்டுக்குப் புரிந்த மொழியில் எதையோ சொன்னது.

எல்லைப்புறத்தின் மொழிகள்

இந்த வட்டாரத்தில் தெலுங்கு, கன்னடம், உருது வழிப் பள்ளிகளும் பிரிவுகளும் உண்டு. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் அந்த ஆண்டே முதல் வகுப்பில் தமிழைக் கட்டாயமாக்கி, ஆண்டுக்கொரு வகுப்பாக மேலேறியது. முதல் தொகுதிப் பிள்ளைகள் 2015-16இல் பத்தாம் வகுப்பை எட்டியபோது மொழிச் சிறுபான்மையினர் எதிர்ப்பும் வழக்குகளும் எழுந்தன. மாநில மொழியைப் பிள்ளைகள் கற்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தப் பத்து ஆண்டுகளும், பிள்ளை தமிழில் எங்கே பின்தங்குகிறது என்பதைத் தமிழ் படிக்கத் தெரியாத தாய்க்கு யார், எந்த மொழியில் சொன்னார்கள்?

ஒரு சிறு எடுத்துக்காட்டு. தெலுங்கு பேசும் வீட்டிலிருந்து வரும் இரண்டாம் வகுப்புப் பிள்ளை ‘மழை’யை ‘மளை’ என்று வாசிக்கிறது. இன்றைய தெலுங்கிலும் கன்னடத்திலும் அந்த ஒலி இல்லை; தமிழ் வீடுகளிலேயே பலருக்கு அது வழுக்கும். தாயிடம் “வாசிக்க வரல” என்று சொன்னால் பிள்ளையின் மேல் முத்திரை விழும். “எழுத்து தெரிகிறது, ஒரு ஒலி மட்டும் பழக வேண்டும்” என்று அவருக்குப் புரியும் பேச்சில் சொன்னால் அவரால் உதவ முடியும். கூட்ட அறிக்கையில் இந்த இரண்டுக்கும் வேறுபாடே தெரியாது.

வெள்ளிக்கிழமை மூன்று மணி

கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். உறுப்பினரில் பாதி பெண்கள். தமிழ்நாட்டில் இக்குழுக்கள் உயிர் பெற்றது ‘நம் பள்ளி நம் பெருமை’ இயக்கத்தோடு 2022இல்தான். மார்ச் 20 அன்று அரசுப் பள்ளிகளில் பெற்றோர் கூட்டம் நடத்தி, 20 பேர் கொண்ட குழுக்களை மறுகட்டமைத்தார்கள். 2024இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்துக் குழு 24 பேரானது.

கூட்டம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு. பாகலூரைச் சுற்றி ரோஜாக் குடில்களிலும் காய்கறித் தோட்டங்களிலும் தினக்கூலிக்குப் போகும் பெண்களுக்கு அது அரைநாள் கூலி. சிப்காட் ஆலைகளில் ஷிஃப்ட் பார்க்கும் தந்தைக்கு அது தூங்கும் நேரமாகவோ வேலை நேரமாகவோ இருக்கும். ‘அக்கறை இல்லாத பெற்றோர்’ என்ற சொல் ஆசிரியர் அறைகளில் எளிதாக விழுகிறது. நேரம் குறித்தவர்கள் அந்தக் குடும்பத்தின் கூலி நேரத்தைக் கேட்டிருந்தால் அந்தச் சொல் விழுந்திருக்காது.

கூட்டத்துக்கு வெளியே நடந்த இரண்டு முயற்சிகள் எனக்கு அதிக நம்பிக்கை தருகின்றன. 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, கொரோனாவால் படிப்பு விட்டுப்போன பிள்ளைகளைத் தெருவிலேயே மாலை நேரத்தில் உட்கார வைத்தது. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மவுரிசியோ ரொமேரோ ஆகியோர் கிராமப்புறத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில், பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது தெரிந்தது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இத்திட்டத்தால் வந்தது. தன்னார்வலர் அதே தெருவின் பெண்ணாக இருந்த இடங்களில் தாய் கேட்கவும் முடிந்தது, பதில் அவர் பேச்சிலேயே வரவும் முடிந்தது.

மற்றொன்று 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும். மூன்றாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் வைத்துக் கற்பிக்கும் இத்திட்டத்தில், பிள்ளை நிற்கும் இடத்தைப் பள்ளி வாசல் தாண்டாத பாட்டிக்கும் ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். ஆனால் ‘அரும்பு’ என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் அது பழைய ரேங்க் ஆகிவிடும். அரும்பிலிருந்து மொட்டுக்கு வர வீட்டில் என்ன செய்வது என்பதும் அதோடு போக வேண்டும்: இரவில் பத்து நிமிடம் எண்களைச் சொல்லச் சொல்வது, சந்தையில் சில்லறையை எண்ணச் சொல்வது, தெலுங்கிலோ கன்னடத்திலோ கதை கேட்பது.

இப்போது ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகளும் ஓசூர்ப் பகுதி அரசுப் பள்ளிகளில் சேர்கிறார்கள். அவர்களின் தாய்க்கும் 24ஆம் பிரிவு அதே உரிமையைத் தருகிறது. அந்த உரிமை கைக்கு எட்ட நான் முன்வைப்பவை இவை: வாட்ஸ்அப்பில் போகும் தமிழ் அறிவிப்பின் இடத்தில், அவர் மொழியில் ஒரு நிமிடக் குரல் பதிவு. மாதம் ஒரு கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலையில். அந்தந்த மொழி பேசும் ஒரு பெற்றோரேனும் மேலாண்மைக் குழுவில். பெரிய நிதி எதுவும் இதற்குத் தேவையில்லை. ஒரு வட்டாரக் கல்வி அலுவலர் நினைத்தால் அடுத்த பருவத்திலேயே தொடங்கலாம்.